தாளுக்குச் செய்த தலை துணிக்கு வந்த கதை



தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியன்று திடலுக்குப் போனால், சிவப்பு இல்லம், பச்சை இல்லம் என்று பிள்ளைகள் அணி அணியாக நிற்பதைக் காண்கிறோம். ஒவ்வொரு பிள்ளையின் முதுகிலும் அவனவன் பெயர், அவனவன் எண். நெஞ்சில் பள்ளியின் சின்னம், ஏழெட்டு வண்ணங்களில். நம் காலத்தில் இதெல்லாம் ஏது? சட்டையில் எழுத்து வேண்டுமானால் சில்க் ஸ்கிரீன் என்னும் வலைச்சட்டம் கட்டி, அதன்மேல் சாயத்தை ஊற்றி, ரப்பர்ப் பட்டையால் இழுத்து அச்சிட வேண்டும். ஒரு வண்ணத்துக்கு ஒரு சட்டம். இருநூறு சட்டை என்றால் கட்டுப்படியாகும். இருபது என்றால் கடைக்காரர் முகம் சுளிப்பார். ஒரே ஒரு பிள்ளையின் பெயரை ஒரே ஒரு சட்டையில் போடுவதை யாரும் நினைத்தும் பார்த்ததில்லை.

இன்று அது நடக்கிறது. அதுவும் பெரிய தொழிற்சாலையில் அன்று. தாமானில் ஒரு வீட்டின் முன்கூடத்தில், மேசைமேல் வைத்த ஒரு பிரிண்டரில் நடக்கிறது. அந்தப் பிரிண்டரைச் செய்தவர்கள் அதைத் துணிக்காகச் செய்யவில்லை. புகைப்படத்தைத் தாளில் அச்சிடுவதற்காகச் செய்தார்கள். பட்டறைக்காரர் ஒருவர் அதைத் திறந்து, சிலவற்றைக் கழற்றி எறிந்து, சிலவற்றைச் சேர்த்து, வெள்ளை மை ஊற்றி, துணிக்கு வேலைசெய்ய வைத்திருக்கிறார். பிலிமில் அச்சிட்டுத் துணிக்கு மாற்றும் இந்த முறையை டி.டி.எப். என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இந்தத் தொழிலில் ஆசை வைத்திருக்கிறார்கள். தகப்பனாரின் சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து இந்தப் பொறியில் போட்டவர்களும் உண்டு. சிலருக்கு அது சோறு போடுகிறது. சிலருக்கு மூன்றே மாதத்தில் மூலையில் கிடக்கிறது. எதனால் இந்த வேறுபாடு என்று பார்க்கப்போனால், அந்தப் பொறிக்குள் நம் கட்டைவிரல் அகலமே உள்ள ஓர் உறுப்பில் போய் நிற்கிறோம். அச்சுத்தலை என்பது அதன் பெயர். அந்தத் தலையின் வரலாற்றையே இன்று பேசப்போகிறோம்.

மையைத் துளியாக்கி எறிவது என்னும் எண்ணம் தண்ணீரிலிருந்து தொடங்கியது. குழாயை மெல்லத் திறந்துவிட்டுப் பாருங்கள். மேலே கண்ணாடிக் கம்பிபோல் இறங்கும் தண்ணீர் கீழே போகப் போகத் துளித்துளியாக உடைந்துவிடும். 1833இல் பிரான்சு நாட்டு சாவார் இதைக் கூர்ந்து ஆராய்ந்து எழுதினார். 1878இல் இங்கிலாந்தின் ரேலி பிரபு, ஒழுகும் நீர் ஏன் நூலாக நிற்காமல் துளியாகிறது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். தண்ணீரின் மேற்பரப்பு எப்போதும் சுருங்கவே பார்க்கிறது. நூலாக இருப்பதைவிடத் துளியாக இருந்தால் அதற்குப் பரப்புக் குறைவு. விஷயம் இவ்வளவுதான்.

அந்தக் கணக்கு வருவதற்கு முன்பே மையைத் தாவவிட்ட கருவி ஒன்று வந்துவிட்டது. பின்னாளில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்ற வில்லியம் தாம்சன் 1867இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கடலடித் தந்திக் கம்பியில் வரும் செய்தி மிகவும் பலவீனமானது. பேனா முள்ளைத் தாளில் உரசவைத்தால், அந்த உராய்வைத் தாண்டி அதை அசைக்கும் வலுக்கூட அந்த மின்சாரத்துக்கு இல்லை. ஆகவே தாம்சன் மயிரிழை போன்ற ஒரு கண்ணாடிக் குழாயைத் தாளைத் தொடாமல் தொங்கவிட்டு, மைக்கு மின்னேற்றி, அது தானாகத் தாளுக்குத் தாவும்படி செய்தார். தாளைத் தொடாமல் எழுதுவது என்பது அப்போதே வந்துவிட்டது.

இந்த இடத்தில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. கடலடிக் கம்பிக்கு உப்புநீர் புகாத உறை வேண்டுமே! அதற்குக் கிடைத்தது கட்டாபெர்ச்சா என்னும் பிசின். மலாய்க்காரர் கெத்தா தாபான் என்று சொல்லும் அந்த மரம் மலாயாக் காட்டு மரம். 1843இல் சிங்கப்பூரிலிருந்த மருத்துவர் மாண்ட்கோமரி அதை இலண்டனுக்கு அறிமுகப்படுத்தினார். 1871இல் சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் கடலடித் தந்தி இணைத்தபோது, அந்தக் கம்பியைப் போர்த்தியிருந்தது இந்தப் பிசின்தான். ரப்பர்த் தோட்டங்கள் வருவதற்கு முன்பே நம் காட்டு மரத்தின் பால் உலகத்தைச் சுற்றி ஓடியிருக்கிறது.

மையைப் பீய்ச்சி எழுதும் முதல் நடைமுறைக் கருவி ஓர் அலுவலகத்தில் பிறக்கவில்லை. அது பிறந்தது சுவீடன் நாட்டில், நோயாளியின் இதயத் துடிப்பைப் பதிவுசெய்வதற்காக. ரூனே எல்ம்குவிஸ்ட் என்பவர் மருத்துவம் படித்துப் பொறியியலுக்கு வந்தவர். இதயம் ஒரு நொடிக்குள் பல வகையாகத் துடித்துக் காட்டும். பேனா முள் கனமாக இருந்தால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. மெல்லிய கண்ணாடிக் குழாயிலிருந்து மை பீய்ச்சியபடி இருக்க, அந்தக் குழாயை மட்டும் மின்காந்தத்தால் அசைத்தார் எல்ம்குவிஸ்ட். 1951இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இதே மனிதர்தான் 1958இல் மனித உடலுக்குள் பொருத்தப்பட்ட முதல் இதயமுடுக்கியையும் செய்துகொடுத்தார். பிள்ளையின் சட்டையில் பெயர் அச்சிடும் பொறிக்கும், பாட்டனாரின் நெஞ்சுக்குள் வைக்கும் கருவிக்கும் ஒரே மனிதர் முன்னோடி என்றால் வியப்பாக இல்லையா?

1960களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்வீட் அடுத்த அடியை வைத்தார். மைத்தாரையை அதிரவைத்து ஒரே அளவான துளிகளாக உடைத்து, வேண்டிய துளிக்கு மின்னேற்றி வளைத்துத் தாளில் விழவைத்தார். வேண்டாத துளியை ஒரு காலில் விழவைத்துத் திரும்ப எடுத்துக்கொண்டார். பால் டின்னின் அடியிலும் குளிர்பானப் போத்தலின் கழுத்திலும் புள்ளிபுள்ளியாகக் காலாவதித் தேதி இருக்கிறதே, அந்த வகை அச்சு இந்த வழியில் வந்தது.

இந்த முறையில் மை ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் அது சரிப்படாது. வேண்டும்போது ஒரு துளி, வேண்டாதபோது சும்மா இருக்க வேண்டும். அப்படியானால் யாராவது ஒவ்வொரு துளியையும் உள்ளிருந்து தள்ள வேண்டும். எதைக்கொண்டு தள்ளுவது? இதற்கு உலகம் இரண்டு விடை கண்டது. நம் கதை முழுவதும் இந்த இரண்டு விடைகளுக்குள் அடங்கியிருக்கிறது. ஆகவே இங்கே சற்று நின்று பேசுவோம்.

முதல் விடைக்கு வேர் பழையது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து டூர்மலின் என்னும் ஒரு கல்லைக் கொண்டுபோனார்கள். சூடாக்கினால் அது சாம்பலை இழுத்தது. அதைப் பெரும் வேடிக்கையாகப் பார்த்தார்கள். 1880இல் பாரிசில் ழாக் கியூரி, பியர் கியூரி என்னும் அண்ணன் தம்பி இருவர், டூர்மலின், குவார்ட்ஸ் முதலிய படிகங்களை அழுத்தினாலும் மின்சாரம் பிறப்பதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே அதன் மறுதலையும் உறுதியாயிற்று. மின்சாரம் கொடுத்தால் படிகம் சற்றே உருமாறுகிறது. அழுத்தம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை வைத்து இதைப் பீசோ மின்விளைவு என்றார்கள். பிற்காலத்தில் ஈயம், சிர்கோனியம், டைட்டேனியம் சேர்ந்த ஒருவகைப் பீங்கான் இதற்கு மிகவும் பொருத்தமானது என்று தெரிந்தது. 1972இல் ஸ்டீவன் சோல்டான் என்பவர் அத்தகைய பீங்கான் குழலுக்குள் மையை வைத்து, மின்சாரத்தால் குழலைச் சுருக்கி, துளி துளியாக வெளியேற்றும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். பசுவின் காம்பைப் பிடித்துக் கறப்பதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிழிவுக்கு ஒரு துளி.

இரண்டாம் விடை தற்செயலாக வந்தது. 1977இல் ஜப்பானின் கேனன் ஆய்வுக்கூடத்தில் இச்சிரோ எண்டோ வேலைசெய்துகொண்டிருந்தபோது, சூடான ஈயப்பற்றுக் கோல் மை நிரப்பிய ஊசியில் பட்டுவிட்டது. பட்டதும் ஊசி முனையிலிருந்து மை சீறியது. சூட்டில் ஒரு குமிழி உண்டாகி மையைத் தள்ளியிருக்கிறது! அதையே முறையாக்கி, நுண்ணிய அடுப்பு போன்ற ஒரு தகட்டைத் துளைக்குப் பின்னால் வைத்தார்கள். அமெரிக்காவில் ஹியூலட் பேக்கர்ட் நிறுவனத்தாரும் தனியே இதே வழியைக் கண்டு, 1984இல் திங்க்ஜெட் என்னும் பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். கேனனின் பொறி 1985இல் வந்தது. குமிழித் தலை செய்வதற்கு மலிவு. மைப் பெட்டியோடு தலையையும் சேர்த்தே விற்கலாம். மை தீர்ந்தால் தலையையும் தூக்கி எறிந்துவிடலாம்.

ஆனால் அந்த அடுப்புக்கு ஒரு குறை உண்டு. நீர்த்த மையை அது நன்றாகக் கொதிக்கவைக்கும். மையில் பிசினும் பசையும் இருந்தால், கஞ்சி அடிப்பிடிப்பதுபோல் அது தகட்டின்மேல் பிடித்துவிடும். இந்தக் கோளாற்றுக்குத் தொழிற்சாலைக்காரர்கள் வைத்த பெயரே, தீய்ந்துபோதலைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்தது. பிழியும் தலைக்கு அந்தக் கவலை இல்லை. அது மையைச் சுடுவதில்லை; தள்ளுகிறது. உள்ளே போவது எந்த மை என்று அது கேட்பதில்லை. துளை அடைபடாமல் இருந்தால் போதும். துணிக்கான மையில் துவைத்தாலும் போகாதபடி பிசின் கலந்திருக்க வேண்டும். ஆகவே பட்டறைக்காரர்கள் பின்னாளில் எந்தப் பொறியைத் திறக்கப்போகிறார்கள் என்பது இங்கேயே முடிவாகிவிட்டது.

பிழியும் தலையை வளர்த்தவர்களில் முன்னே நிற்பவர்கள் ஜப்பானின் நாகானோ மலைப்பகுதியில் சுவா ஏரிக்கரைக் கைக்கடிகாரத் தொழிலாளர்கள். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டக்காரர்களின் நேரத்தை அச்சிட்டுத் தரும் கருவியைச் செய்தது இவர்களின் குழுமம். 1968இல் ஈ.பி.-101 என்னும் சிறிய அச்சுக்கருவி வந்தது. அந்த ஈ.பி.யின் பிள்ளை என்னும் பொருளில் 1975இல் எப்சன் என்ற பெயரை வைத்தார்கள். 1984இல் அவர்களின் முதல் மைத்துளிப் பொறி வந்தது. விலையோ எட்டாத உயரம். 1993இல் மெல்லிய பீங்கான் அடுக்குகளால் ஆன தலையைப் பொருத்தி, மேசைமேல் வைக்கும் அளவில் ஒரு பிரிண்டரை விற்றார்கள். அடுப்பைவிட இந்தப் பிழிதலை செய்வதற்குச் செலவு கூடியது. அதனால் தலை பொறியோடு நிலையாக இருக்கும். மைப் பெட்டியை மட்டும் மாற்ற வேண்டும். தலை பழுதானால் பல நூறு வெள்ளி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனிக் கதை தொழிற்சாலையை விட்டுப் பட்டறைக்கு வருகிறது. மைப் பெட்டியின் விலை பொறியின் விலையைத் தொட்டுக்கொண்டிருந்த காலம் நமக்கு மறந்திருக்காது. 2000களில் தென்கிழக்காசியா எங்கும் கடைக்காரர்கள் எப்சன் பிரிண்டருக்குப் பக்கத்தில் போத்தலை வைத்து, மெல்லிய குழாய்களை உள்ளே விட்டு, மலிவு மையை ஓடவிட்டார்கள். பொறியின் உத்தரவாதம் போய்விடும் என்று நிறுவனம் எச்சரித்துப் பார்த்தது. யாரும் கேட்கவில்லை. கடைசியில் 2010இல் எப்சன் நிறுவனமே பக்கத்தில் மைத்தொட்டி வைத்த பிரிண்டரைச் செய்து விற்றது. அதை முதலில் விற்ற நாடு இந்தோனேசியா. ஒட்டுவேலை அங்கே அவ்வளவு பரவியிருந்தது. பட்டறைக்காரன் முன்னே போக, தொழிற்சாலை பின்னே வந்தது.

துணியிலும் அப்படித்தான். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவில், சட்டையைப் பலகையில் விரித்து அதன்மேல் நேரே மை தெளிக்கும் பொறி வந்தது. சிறு தொழிலகங்கள் மேசைப் பிரிண்டரின் தலையையும் தண்டவாளத்தையும் எடுத்து, தாள் போகும் இடத்தில் பலகையை ஓட்டி, இத்தகைய பொறிகளைத் தாங்களே கட்டின. வெள்ளைச் சட்டை என்றால் சிக்கல் இல்லை. கறுப்புச் சட்டை என்றால் முதலில் வெள்ளையைப் பூசி அதன்மேல்தான் வண்ணம் போட முடியும். அந்த வெள்ளை மை துணிக்குள் இறங்கிவிடாமல் மேலேயே உறைய வேண்டும். அதற்காக உப்புக் கரைசலைத் துணியில் முன்கூட்டியே தெளித்தார்கள். பால் கொட்டகையில் திராவகம் ஊற்றிப் பாலை உறையவைத்த கைகளுக்கு இந்த வித்தையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் பருத்தித் துணிக்கு நன்றாக வந்தது விளையாட்டுச் சட்டையின் பாலியெஸ்டருக்கு அவ்வளவு எளிதாக வரவில்லை. ஒவ்வொரு சட்டையையும் தனித்தனியே பக்குவப்படுத்தவும் வேண்டியிருந்தது.

2010களின் இறுதியில் பட்டறைகளிலிருந்து எளிய வழி ஒன்று வந்தது. துணியில் அச்சிடாதே, பிலிமில் அச்சிடு என்பதுதான் அந்த வழி. ஒருபுறம் பூச்சுள்ள பிளாஸ்டிக் பிலிமில் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாக மாற்றி வண்ணத்தில் அடிக்கிறார்கள். அதன்மேல் முழுவதும் வெள்ளை. மை ஈரமாக இருக்கும்போதே சூட்டில் உருகும் பசைத்தூளைத் தூவுகிறார்கள். ஈரம் உள்ள இடத்தில் தூள் ஒட்டும், மற்றதை உதறிவிடலாம். கோலமாவைப் பசைக்கோட்டின்மேல் தூவிப் பார்த்தால் இது விளங்கும். பிறகு பிலிமைச் சூடேற்றித் தூளை உருகவைத்து, சட்டையின்மேல் கவிழ்த்து, ஏறக்குறைய 150 முதல் 160 பாகைச் சூட்டில் பதினைந்து நொடி அழுத்திப் பிலிமை உரித்தால் படம் சட்டையில் நிற்கும். பருத்தி, பாலியெஸ்டர், கறுப்பு, வெள்ளை என்ற பேதம் இல்லை. 2020ஐ ஒட்டி இது உலகெங்கும் பரவியது.

இந்த வேலைக்குப் பட்டறைக்காரர்கள் பெரிதும் விரும்பியது எப்சன் எல்1800 போன்ற ஆறு வண்ணப் புகைப்படப் பிரிண்டரை. ஏன் ஆறு வண்ணம்? நல்ல புகைப்படத்துக்குக் கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள் என்னும் நான்கு மைகளோடு இளநீலமும் இளஞ்சிவப்பும் வேண்டும். சட்டைக்கு அந்த இரண்டு இளவண்ணங்களும் தேவையில்லை. ஆகவே அந்த இரண்டு வரிசைகளும் வெள்ளைக்குக் கிடைத்தன. தனி மென்பொருள் ஒன்று, இளநீலம் என்று பொறி நினைக்கும் இடத்தில் வெள்ளையைத் தெளிக்கச் சொல்கிறது. துளைகளை நெடுக்கில் இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதி வண்ணத்தை அடித்துச் செல்ல, மறு பாதி அதன்மேல் வெள்ளையைப் போர்த்தும்படியும் செய்கிறது. பிறகு, ஈரமான பிலிமைத் தொட்டுக் கறையாக்கும் சிறு பற்சக்கரங்களைக் கழற்றி எறிகிறார்கள். பிலிம் சுருள் போகப் பாதை அமைக்கிறார்கள். வெள்ளை மைத்தொட்டிக்குள் சுழலும் ஒரு துடுப்பை வைக்கிறார்கள்.

தலையை மாற்றுவது என்று பேச்சு வழக்கில் சொன்னாலும், தலைக்குள் யாரும் கைவைப்பதில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். அதைத் திறந்து திரும்ப மூட முடியாது. மாறுவதெல்லாம் தலைக்குள் போகும் மையும் தலைக்கு வரும் கட்டளையும்தான். தாளுக்கென்று பிறந்த தலையே துணிக்கான மையைக் குடிக்கிறது. தொல்லை தொடங்குவதும் அங்கேதான்.

எல்1800இன் தலையில் வண்ணத்துக்கு 90 துளை வீதம் 540 துளைகள். ஒவ்வொன்றும் தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லியது. மிகச் சிறிய துளி 1.5 பிக்கோலிட்டர். அப்படியென்றால் ஒரு மில்லிலிட்டர் மையில் ஏறக்குறைய 66 கோடித் துளிகள். புகைப்பட மையில் சாயம் தண்ணீரோடு கரைந்திருக்கும்; துளைக்குத் தொந்தரவு இல்லை. வெள்ளை மை அப்படியன்று. அதில் வெள்ளையைத் தருவது டைட்டேனியம் டையாக்சைடு என்னும் தூள். வீட்டுச் சுவர்ச் சாயத்துக்கு வெள்ளை தருவதும் அதுவே. பேராக்கில் ஈயம் கழுவிய பின் மிஞ்சிய ஆமாங் என்னும் கறுப்பு மணலை அறிந்தவர்களுக்கு ஒரு செய்தி: அதில் உள்ள இல்மனைட் என்னும் கனிமத்திலிருந்தும் இந்த வெள்ளையை எடுக்கலாம். அத்தனை கறுப்புக்குள் இத்தனை வெள்ளை! தலையில் இருந்து பிழிகிற பீங்கானிலும் டைட்டேனியம், பிழியப்படுகிற மையிலும் டைட்டேனியம் என்பது இன்னொரு வேடிக்கை.

இந்தத் தூள் தண்ணீரைவிட நான்கு மடங்கு கனமானது. மையில் அது கரைவதில்லை, மிதக்கவைக்கப்பட்டிருக்கிறது. கலக்காமல் விட்டால் தொட்டியின் அடியில் படியும், குழாயின் வளைவில் படியும், தலையின் வாயில் இருக்கும் நுண்ணிய வலையில் படியும். அதோடு மையில் பிசினும் உண்டு. காற்றுப் பட்டால் அது துளையின் வாயிலேயே உறைந்து தோலாகிவிடும். மரம் சீவியவர்களுக்கு இது தெரிந்த கதை. நேற்றைய வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடக்கும் பாலை உரித்தெடுத்துவிட்டுத்தானே இன்று உளியை வைத்தோம்? மங்கில் பால் சீக்கிரம் உறைந்துவிடக்கூடாது என்று அம்மோனியா விட்டதும் உண்டு. மரத்தில் கோடு ஒன்று. இங்கே துளை 540.

எங்களுக்கும் இதில் ஒரு பட்டறிவு உண்டு. சிலர் சேர்ந்து ஒரு பொறியை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தோம். தீபாவளிக்கு ஒன்பது நாள் கடையைப் பூட்டினோம். சிக்கனம் என்று சுவரில் உள்ள மின்விசையையும் அணைத்துவிட்டோம். தொட்டிக்குள் துடுப்பு நின்றுவிட்டது. திரும்பி வந்து பார்த்தபோது வெள்ளை வரிசை ஒன்றில் பாதித் துளைகள் வாய் திறக்கவில்லை. பொறுமையாக ஓரிரவு கழுவுநீரில் ஊறவைத்திருக்க வேண்டும். ஆத்திரத்தில் ஊசிக்குழலில் கழுவுநீரை நிரப்பி வேகமாக அழுத்தினோம். அடைப்பு விட்டது. கூடவே உள்ளே இருந்த மெல்லிய சுவர் ஒன்றும் விட்டது. அதன்பின் மஞ்சள் வரவேண்டிய இடத்தில் வெள்ளை கலந்தே வந்தது. தலை போயிற்று. அந்த மாதச் சம்பாத்தியமும் அதோடு போயிற்று.

பிறர் கண்ட விபத்துகளும் ஏறக்குறைய இதே வகைதான். பிலிமின் ஓரம் சுருண்டு எழுந்து, ஓடுகிற தலையில் இடிக்கும். தலைக்குப் போகும் பட்டைக் கம்பியைக் கோணலாகச் செருகினாலோ அதில் ஒரு சொட்டு ஈரம் பட்டாலோ, மின்சாரம் தவறான இடத்துக்குப் பாய்ந்து தலையும் மின்பலகையும் ஒன்றாகக் கருகும். ஏற்கெனவே வேறு மை ஓடிய பழைய தலையைச் சரியாகக் கழுவாமல் வெள்ளை மையை விட்டால், இரண்டும் கலந்து கட்டியாகும். நம் ஊரின் புழுக்கத்தில் பசைத்தூள் ஈரம் குடித்து, படம் இல்லாத இடத்திலும் ஒட்டிக்கொள்ளும். அதற்காகக் குளிரூட்டியை நாள் முழுதும் ஓட்டினாலோ காற்று உலர்ந்து துளை காயும். இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். ஈரப்பதம் பாதியளவில் இருப்பது நல்லது என்கிறார்கள். தூளை உருக்கும்போது எழும் புகையை அடைத்த அறையில் சுவாசிப்பது நல்லதன்று. சன்னலைத் திறந்து, புகையை வெளியே தள்ளும் விசிறி ஒன்றை வைப்பதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். சிறு பிள்ளைகள் பாடம் படிக்கும் அறை அதற்கு ஏற்றதன்று.

பொறியை விற்கிறவர் காட்டும் மாதிரிச் சட்டை எப்போதும் அழகாகவே இருக்கும். வாங்கப் போகிற பெற்றோர் வேறு சிலவற்றைக் கேட்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். தலை புதியதா, முன்பு மை ஓடியதா? வெள்ளைத் தொட்டியில் துடுப்பு தானாகச் சுழல்கிறதா? மாற்றுத் தலை என்ன விலை, எத்தனை நாளில் கிடைக்கும்? பிரித்துக் கட்டிய பொறிக்குச் செய்த நிறுவனம் பொறுப்பேற்காது என்பதால், பழுதானால் வருவது யார்? வாரத்துக்கு இரண்டு சட்டை வேலை மட்டுமே உள்ள வீட்டில் இந்தப் பொறி நில்லாது. அதற்கு நாள்தோறும் மை ஓட வேண்டும். அப்படிப்பட்டவர்கள் அச்சிட்ட பிலிமை வேறொருவரிடம் வாங்கி, வீட்டில் சூட்டு அழுத்தி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பிழைக்கலாம். பலர் அப்படிப் பிழைக்கிறார்கள். அதில் குறைவொன்றும் இல்லை.

தொழிற்சாலை இந்த முறையும் பின்னே வந்தது. பட்டறைகளில் தலைகள் மாண்டுகொண்டிருந்த ஆண்டுகளிலேயே, 3200 துளைகள் உள்ள தலைகளைப் பிற பொறி செய்வோருக்கென்றே எப்சன் விற்கத் தொடங்கியது. 2024இல் பிலிமில் அச்சிடுவதற்கென்றே தன் பெயரில் ஒரு பொறியையும் அறிவித்தது. வெள்ளை மை உறையாமல் பார்த்துக்கொள்ளும் வேலையைப் பொறியே செய்கிறது என்று சொல்லி விற்கிறார்கள். அதன் விலை பட்டறைப் பொறியின் விலையன்று. ஆகவே மேசைப் பிரிண்டரைத் திறக்கும் வேலை இன்னும் நின்றுவிடவில்லை.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில் காலை வேலை எப்படித் தொடங்கும் என்பதைச் சொல்லி நிறுத்துகிறோம். முதலில் வெள்ளை மைத்தொட்டியின் துடுப்பு சுழல்கிறதா என்று பார்க்கிறார்கள். தலை இரவு முழுதும் அமர்ந்திருந்த ஈர மூடியின் ஓரத்தைப் பஞ்சால் துடைக்கிறார்கள். பிறகு ஒரு துண்டுப் பிலிமில் சோதனைக் கோடுகளை அடிக்கிறார்கள். வண்ணக் கோடுகள் உடனே தெரியும். வெள்ளைக் கோடுகள் தெரியா. பிலிமைத் தூக்கி, கறுப்புத் துணி ஒன்றின்மேல் பிடித்து, எங்கே கோடு விட்டிருக்கிறது என்று வரிசை வரிசையாக எண்ணுகிறார்கள். எண்ணி முடித்த பிறகே அன்றைய முதல் சட்டை.